புறம்போக்கு என்ற சொல்லும் ஒரு வக்கீல் நோட்டீசும்

நில அளவைத் துறையில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து கொண்டுவரும் மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பார்கள், உங்கள் அனுபவத்தில் ஒன்றிரண்டை எழுதுங்கள் என்றார்கள். செயற்கைக்கோளைக் கொண்டு அளக்கிறவர்களுக்குச் சங்கிலி இழுத்தவள் என்ன சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. இப்போது எழுத வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தபால் என் மகள் ஸ்டெல்லாவின் பெயருக்கு வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். பிரித்தால் வக்கீல் நோட்டீஸ்.

ஸ்டெல்லா சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி கற்பிக்கிறாள். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பணி இன்னும் உறுதியாகவில்லை. விடுமுறை நாட்களில் பழைய கிராம வரைபடங்களைத் தேடிப்பிடித்துக் கணினியில் மறுபடி வரைவாள். ஏரி, ஓடை, வண்டிப்பாதை, களம் என்று பொதுவுக்கு விட்ட இடங்களுக்கெல்லாம் நிறம் கொடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஓர் இணையதளத்தில் போட்டுவைப்பாள். நான் வேலையில் இருந்த காலத்தில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சர்வே எண்களாகப் பேசியதன் பலன் அது.

நோட்டீஸை அனுப்பியது வரைபடங்களைத் தயாரித்து விற்கிற ஒரு நிறுவனம். கொல்லிமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றின் வரைபடத்தில் ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் அம்புக்குறி தவறான திசையில் இருக்கிறதாம். அது தங்கள் பணியாளர் வரைந்தபோது நேர்ந்த பிழையாம். அதே பிழை ஸ்டெல்லாவின் வரைபடத்திலும் இருப்பதால், அவள் தங்களுடையதைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். பதினைந்து நாளுக்குள் எல்லா வரைபடங்களையும் எடுத்துவிட வேண்டும். நகல் எடுத்ததை ஒப்புக்கொண்டு, இணைத்திருக்கும் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு.

மகள் வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு."

"நான் அவங்களப் பாத்து வரையலம்மா. கலெக்டர் ஆபீஸ் ஆவண அறையில குடுத்த ஜெராக்ஸப் பாத்துதான் வரைஞ்சேன்."

"நிஜமாவா?"

அவள் என்னைப் பார்த்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் தன் அறைக்குப் போய்விட்டாள். கல்லூரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பெண் கேட்டிருந்த குடும்பத்துக்குத் தெரிந்தால் அதுவும் போய்விடும். என் மனம் போன திசையெல்லாம் அப்படித்தான் இருந்தது. தன் பெயருக்குக் கீழே 'திருடினேன்' என்று எழுதித் தரச் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் உறைத்திருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று மாலை முழுவதும் திருச்செங்கோட்டுப் பக்கத்து வழக்கு ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பணிக்காலத்தில் நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லாத வழக்கு.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் சங்கிலி இழுத்தோம், இரவில் கணக்குப் போட்டோம், தேர்வு எழுதினோம். குறுவட்ட நில அளவராக என்னைத் திருச்செங்கோட்டுப் பக்கம் போட்டார்கள். சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஊர்ப் பேச்சே புதிது. வீட்டை ஊடு என்பார்கள். என்னைவிட மூத்தவர்களும் என்னைச் சாமி என்று கூப்பிடுவார்கள். ஸ்டெல்லா ஒன்றாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் என்னோடு வந்தவள், எழுத்துக் கூட்டி ஒரு பலகையைப் படித்துவிட்டு, "அம்மா, கெட்ட வார்த்தைய ஏன் போர்டுல எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். 'இது அரசு புறம்போக்கு நிலம்' என்பது பலகை. பஸ்ஸில் கண்டக்டரும் பயணியும் சண்டையில் ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொள்ளும் சொல்லாகத்தான் அவள் அதை அறிந்திருந்தாள். வரிக்குப் புறம்பாக, எல்லாருக்கும் என்று ஒதுக்கிவைத்த நிலம் என்று சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்த எனக்கே அது முழுதாக விளங்கியிருக்கவில்லை.

எங்கள் வட்டத் துணை ஆய்வாளர் இராமலிங்கம். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் மெலியும். நாம் எழுதிய கோப்பில் தவறு இருந்தால் அதைச் சொல்ல மாட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன தவறு என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் போய்க் கேட்டால், "கண்ணாடி மாத்துற வயசாம்மா உங்களுக்கு?" என்பார். மதிய உணவுக்கு எப்போதும் தயிர் சாதம்தான். அதையும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார்.

போர்வெல் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார் பொன்னுசாமி என்பவர். தன் பட்டா நிலத்தை உட்பிரிவு செய்து தரும்படி மனு கொடுத்திருந்தார். போய் அளந்தேன். நிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருபது லிங்க் அகலத்தில், அதாவது பதின்மூன்று அடி அகலத்தில், ஒரு வண்டிப்பாதை இருப்பதாக, நிலத்தின் அளவுகளை வரைந்துவைத்த புலப்படம் காட்டியது. நேரில் பார்த்தால் இருபக்கமும் சீமைக்கருவேல் நெருக்கிக்கொண்டிருந்தது. வண்டித்தடம் எதுவும் கண்ணில் படவில்லை. நான் நின்ற ஒரு மணி நேரத்தில் ஓர் ஆள்கூட அதில் வரவில்லை. குறிப்புக் கலத்தில், 'வண்டிப்பாதை, உபயோகத்தில் இல்லை' என்று எழுதினேன். இராமலிங்கம் கையெழுத்திட்டார். புள்ளி எதுவும் வைக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அதே கோப்பு என் மேசைக்கு வந்தது. என் குறிப்பின் நகல் அதன் மேலேயே செருகியிருந்தது. பொன்னுசாமி அதைக் காட்டி, பயன்படாத பாதையைத் தனக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், பதிலுக்கு வேறு இடத்தில் நிலம் தருகிறேன் என்று மனுப் போட்டிருந்தார். உத்தரவு வருமுன்பே பாதையைச் சேர்த்துச் சுற்றுச்சுவர் எழுப்பி, இரும்புக் கதவும் வைத்துவிட்டார். பாதைக்கு அப்பால் பத்துப் பதினைந்து கூலிக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் தாசில்தாரிடம் போய்விட்டார்கள். என் குறிப்புக்குப் பக்கத்தில் இப்போது சிவப்புப் புள்ளி இருந்தது.

இராமலிங்கத்திடம் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமல், "அதுக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்கும்மா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வழிய அடைச்சிருக்கோம். நாளைக்கு நானும் வாரேன்" என்றார். அவர் களத்துக்கு வருவது அபூர்வம்.

போனபோது அந்தக் குடும்பங்களில் ஒருத்தியான பாவாயி கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள், ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"ஏஞ்சாமி, இதுல ஆளே நடக்கறதில்லீன்னு எழுதுனது நீங்கதானுங்களா?"

நான் வந்தபோது யாரும் நடக்கவில்லை என்றேன்.

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"பதினோரு மணி இருக்கும்."

"பதினோரு மணிக்கு நாங்க தறிக்கூடத்துல இருப்பமுங்க. காத்தால ஆறு மணிக்கு வந்து பாத்திருந்தா, உங்க சங்கிலிய மிதிச்சுக்கிட்டுப் போயிருப்பமுங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "மருமக ஊட்ல மாசமா இருக்கறா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. ஆட்டோ வரணும்னா இது ஒண்ணுதானுங்க வழி."

பொன்னுசாமியை நான் கெட்டவர் என்று எழுத மாட்டேன். எங்களுக்கு நாற்காலி போட்டார், இளநீர் வெட்டச் சொன்னார். இராமலிங்கம் இரண்டையும் தொடவில்லை. பொன்னுசாமி தன் நியாயத்தை முழு நம்பிக்கையோடு சொன்னார்.

"பொறம்போக்குன்னா என்னங்க? யாருக்கும் சொந்தமில்லாத எடம். யாருக்கும் இல்லாதத நான் வெச்சுக்கிட்டா யாருக்குங்க நட்டம்?"

இராமலிங்கம் பையிலிருந்து 'அ' பதிவேட்டின் பக்கத்தை எடுத்தார். ஊரிலுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அது யாருடையது, என்ன வகை என்று எழுதிவைத்த பதிவேடு அது. அந்த எண்ணுக்கு நேரே 'புறம்போக்கு, வண்டிப்பாதை' என்று இருந்தது. பெயர் எழுதும் இடம் காலி.

"யாருக்கும் இல்லைன்னு இதுல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

"பேரே இல்லீங்களே."

"எழுத ஆரம்பிச்சா எடம் பத்தாதுங்க. அதனால எழுதலை."

பொன்னுசாமி அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதுவரை எத்தனையோ பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். காலி இடத்தைக் காலி இடமாகத்தான் பார்த்திருக்கிறேன். பாவாயியும் அவள் மருமகளும் இன்னும் பிறக்காத அந்தப் பிள்ளையும் அன்றைக்கு அந்த வழியாக நடந்துவந்த நானும் எல்லாரும் அதற்குள் இருந்தோம்.

ஆனாலும் பொன்னுசாமி விடவில்லை. பாதை இருந்திருக்கலாம், அது தன் சுவருக்கு வெளியே இன்னும் கிழக்கே இருந்திருக்கும் என்றார். அங்கே எல்லைக் கல் எதுவும் இல்லை என்பது அவருக்குச் சாதகம். கல் இல்லாத இடத்தில் அதைக் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற இரண்டு பழைய கற்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே நேர்கோடு பிடிக்க வேண்டும். புலப்படத்தில் எழுதியுள்ளபடி அந்தக் கோட்டில் இத்தனை லிங்க் நடந்து, அங்கிருந்து செங்குத்தாகத் திரும்பி இத்தனை லிங்க் போக வேண்டும். நாங்கள் இரண்டு வயலுக்கு அப்பாலிருந்து தொடங்கினோம். சங்கிலி தொய்யக் கூடாது, மேட்டில் ஏறினால் மட்டமாகப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு சங்கிலிக்கும் கம்பி நட வேண்டும். இராமலிங்கமே முன்முனையைப் பிடித்துக்கொண்டார். மூன்று தடவை அளந்தோம். மூன்று தடவையும் புள்ளி பட்டறைக்குள், துளையிடும் குழாய்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் விழுந்தது.

குழாய்களை நகர்த்தினார்கள். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மண். கடப்பாரையைப் போட்டார்கள். ஓரடிக்கு ஒன்றுமில்லை. பொன்னுசாமி சிரிக்கப் போனார். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் கடப்பாரை கல்லில் பட்டுச் சத்தம் கேட்டது. இராமலிங்கம் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மண்டியிட்டு வெறும் கையால் மண்ணை அள்ளினார். தலையில் பெருக்கல் குறி வெட்டிய கல். நாங்கள் குறித்த புள்ளிக்கும் அந்தக் குறியின் நடுவுக்கும் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை.

வருடங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. யாரென்று தெரியாத ஒருவர், எங்கள் பாட்டனார்களுக்கும் முந்திய காலத்தில், எங்களிடம் இருந்த அதே மாதிரிச் சங்கிலியோடு அங்கே வந்து நின்றிருக்கிறார். அளந்து, கல் நட்டு, இரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். காடு வயலாகி, வயல் பட்டறையாகி, மண்ணில் எண்ணெய் ஊறிய பிறகும் அந்த எண்கள் எங்களைக் கைப்பிடித்து அழைத்துவந்து கல்லின் தலைமேல் நிறுத்திவிட்டன. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் நான். கோவிலில்கூட எனக்கு அப்படி வாய் அடைத்துப்போனதில்லை.

பொன்னுசாமி தலையைச் சொறிந்தார். "நம்ம எடத்துல நமக்குத் தெரியாமயே படுத்துக் கெடந்திருக்குதுங்களே" என்றார்.

"உங்க எடத்துல இல்லீங்க" என்றார் இராமலிங்கம்.

தாசில்தார் விசாரணையில் என் குறிப்பு தவறு, ஒரு வேளை மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. இராமலிங்கத்துக்கும் வந்தது. அவர் தன் பதிலில் என்மேல் பழி போடாமல், 'களத்தைப் பார்க்காமல் ஒப்பமிட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்ததைப் பின்னால் பார்த்தேன். சுவரைப் பொன்னுசாமியே ஆள் வைத்து இடித்துக்கொடுத்தார். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது பாவாயி, "ஆட்டோ ஊட்டு வாசலுக்கே வந்துருச்சுங்க சாமி, பேத்தி" என்றாள். ஆறு மணிக்கு வந்து பார்த்தேனா என்றும் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் விடுவதாக இல்லை.

இதெல்லாம் நினைவில் ஓடிய பிறகுதான் மகளிடம் 'நிஜமாவா' என்று கேட்டது எனக்கு வலித்தது. அவள் வரைந்ததை நான் உட்கார்ந்து பார்த்தவளில்லை. பார்க்காமலேயே அவள்மேல் ஒரு குறிப்பு எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் அவள் அறைக்குப் போய், அந்த ஜெராக்ஸைக் காட்டு என்றேன். காட்டினாள். அதில் முத்திரை இல்லை. அம்புக்குறி இருந்தது. ஆனால் வெறும் ஜெராக்ஸில் யார் வேண்டுமானாலும் ஓர் அம்பு வரைந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். மூலத்தைப் பார்த்தாக வேண்டும்.

சேலம் நீதிமன்றத்தில் தெரிந்த வக்கீலம்மாவிடம் முதலில் போனோம். அவர் பொறுமையாக விளக்கினார். ஒருவர் வரைந்ததன்மேல் உரிமை என்பது இத்தனை வருடம் என்று வரையறுத்தது. அரசு வெளியிட்ட பழைய வரைபடத்துக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதை யாரும் எடுத்து வரையலாம். ஆனால் அந்த நிறுவனம் அதைப் பார்த்துத் தன் உழைப்பில் புதிதாக வரைந்ததை ஸ்டெல்லா நகல் எடுத்திருந்தால் அது வேறு வழக்கு. அம்புக்குறிதான் கேள்வி.

"பழசு வந்து பப்ளிக் டொமைன்மா" என்றாள் ஸ்டெல்லா எனக்குப் புரியவைக்க. "சொந்தம் கொண்டாடுற காலம் முடிஞ்சு எல்லாருக்கும்னு ஆயிருச்சு."

"பொறம்போக்குன்னு சொல்லேன்."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். பதில் நோட்டீஸில் அப்படி எழுத முடியாதுங்க என்றார்.

ஆவண அறைக்கு எழுதிக்கொடுத்து, நாள் குறித்துத் தந்து, நாங்கள் போனபோது பதினைந்து நாளில் பதினோரு நாள் போய்விட்டது. மூலத்தில் அம்பு சரியான பக்கம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்புதான் எனக்கு. மகளை நம்பினேன். ஆனால் நம்பிக்கையும் பயமும் ஒரே வயிற்றில்தான் இருக்கின்றன.

உதவியாளர் துணி ஒட்டிய வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். தேநீர் நிறத்துக்கு வந்துவிட்ட காகிதம். நாலு மூலையிலும் அவர் பேப்பர்வெயிட்டுக்குப் பதில் ரப்பர் ஸ்டாம்புகளை வைத்தார். கறுப்பு மையில் எல்லை, சிவப்பில் எண்கள், ஓடைக்கு மட்டும் வெளிறிய நீலம். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தேன்.

அந்த ஓடை எனக்குத் தெரியும். கொல்லிமலையிலிருந்து இறங்கி மேற்கே வருவது. நீலக் கோட்டின் நடுவில் இருந்த அம்பு கிழக்கே பார்த்தது. வரைந்தவர் தண்ணீரை மலையேற்றியிருந்தார்.

ஸ்டெல்லாவும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"வரையறப்பவே தப்புன்னு தெரிஞ்சுதும்மா" என்றாள் மெதுவாக. "ஆனா அவர் வரைஞ்சத மாத்த நாம யாருன்னு அப்படியே விட்டுட்டேன்."

அந்த நிறுவனத்தின் பணியாளரும் அப்படித்தான் செய்திருப்பார். பார்த்ததை அப்படியே வரைந்திருப்பார். பிறகு பிழையைக் கண்டவர்கள், அது தங்கள் வீட்டுப் பிழை என்று நினைத்துவிட்டார்கள். பிழைக்குக்கூட உரிமை கொண்டாட ஆள் வந்துவிட்டது. அதன் சொந்தக்காரரோ கல்லறையில் இருக்கிறார், பெயர்கூடத் தெரியாது. வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம் மட்டும் இருந்தது. ஏதோ ஒரு நாள் களைப்பிலோ அவசரத்திலோ அவர் பேனாவைத் திருப்பிப் பிடித்தது, அவர் கண்டிராத ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றியது. உதவியாளர் நாற்காலி கொடுத்தார்.

உட்கார்ந்தபடி நான் யோசித்தது, புதிய சர்வேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பது, இதுதான். வண்டிப்பாதைக்கு அகலம் உண்டு. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும், ஒருவர் சுவர் வைத்தால் மற்றவர்களுக்கு வழி இல்லை. அதனால்தான் அதை அளந்து கல் நட்டுக் காக்கிறோம். இந்தக் காகிதத்தில் வரைந்திருக்கும் அறிவுக்கு அகலமே கிடையாது. ஸ்டெல்லாவும் அந்த நிறுவனமும் இன்னும் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் இதன்மேல் நடக்கலாம், ஒருவர் கால் ஒருவர்மேல் படாது. முப்பது வருடம் நிலத்தை அளந்த எனக்கு, அளக்கவே வேண்டாத ஒரு புறம்போக்கு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

முத்திரையிட்ட நகலோடு பதில் போயிற்று. பத்து நாள் கழித்து, மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதாக இல்லை என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. தபால்காரர் வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னமும் அனுப்பியவர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஸ்டெல்லா தன் இணையதளத்தில் மூல வரைபடத்தின் படத்தை ஒருபக்கம் அப்படியே போட்டாள். மறுபக்கம், தான் வரைந்ததில் அம்பை மேற்கே திருப்பி, ஏன் திருப்பினேன் என்று கீழே ஒரு வரி எழுதினாள்.

சென்ற வாரம் அவள் என்னைக் கூப்பிட்டு அந்த நிறுவனத்தின் வரைபடத்தைக் காட்டினாள். அவர்களுடைய ஓடையிலும் அம்பு மேற்கே திரும்பியிருந்தது.

"இப்ப நாம அவங்களுக்கு ஒரு நோட்டீஸ் விடலாமா?" என்றேன். பாதி விளையாட்டாக, பாதி ஆத்திரத்தோடுதான் கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றாள். "தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்கறது நம்ம ஊட்டுச் சொத்தா?"